குலுங்கும் பழைய கார்: இன்ஜினைப் பிரிக்கும் முன்

வாசகர் கேள்வி: சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் கார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 16 வருட வண்டி, நான்கு சிலிண்டர், மேனுவல் கியர், 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடைசி ஒன்றரை வருடம் நிறுத்தியே வைத்திருந்தார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் உதறுகிறது. சூடானதும் ஓரளவு சரியாகிறது. ஆனாலும் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரை குலுக்கல் தெரிகிறது. மேட்டில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் திணறுகிறது, இன்ஜின் விளக்கு மினுக்குகிறது, பிறகு நிலையாக எரிகிறது. ஒரு மெக்கானிக் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்கிறார். எந்த சர்வீஸ் எப்போது நடந்தது என்பதற்கு ஒரு ரசீதும் இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா, இல்லை வண்டியையே தள்ளிவிடலாமா?

பதில்:

இரண்டு மெக்கானிக்குகளில் யாராவது ஒரு பிளக்கையாவது (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது) கழற்றிப் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பார்த்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் இருவர் சொன்னதையும் கொஞ்சம் ஓரமாக வைப்போம். அவர்கள் சொன்னது நடக்கவே நடக்காத விஷயம் இல்லை. நாள்பட்ட பெட்ரோல், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அடைக்கும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை இறுக்கி அழுத்தும் திறன், போன இன்ஜினும் இப்படித்தான் உதறும். ஆனால் அளந்து பார்க்காமல் சொன்னால் அது ஊகம். ஊகத்தை நம்பிப் பணம் போடாதீர்கள்.

ஒரேயடியாக மாற்றுவதும் வேண்டாம். பிளக், அதற்கு உயர் வோல்டேஜ் தரும் காயில், இன்ஜெக்டர், சென்சார் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகவும் கூடும். எதனால் சரியானது என்பது கடைசி வரை தெரியாது. சரியாகாமல் போனால்தான் உண்மையான தலைவலி: பழைய கோளாறு அப்படியே இருக்கிறதா, புதிதாகப் போட்டதில் ஒன்று மட்டமான சரக்கா, கழற்றி மாட்டும்போது ஏதாவது ஹோஸ் சரியாக உட்காரவில்லையா என்று நான்கு பக்கமும் தேட வேண்டியிருக்கும். பழைய பிளக்கும் காயிலும் சாட்சிகள் மாதிரி. விசாரித்து முடிக்கும் முன் குப்பையில் போட்டுவிடக் கூடாது.

முதலில் அந்த மினுக்கும் விளக்கு. இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் பாருங்கள் என்று பொருள். மினுக்கினால் விஷயம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது, அது சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை அளவுக்கு மேல் சூடாக்குகிறது என்று வண்டி எச்சரிக்கிறது. இப்படியே ஓட்டினால் உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் மிஸ்ஸிங்கை, அதாவது சிலிண்டர் எரியாமல் தவறுவதை, சரிசெய்தாலும் வண்டி இழுக்காது. ஒரு பிளக்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை கன்வெர்ட்டர் வரைக்கும் போவது இந்த வழியில்தான். ஆகவே விளக்கு மினுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கோளாறு தெரியும்வரை மேட்டுப் பாதையும் நெடும் பயணமும் வேண்டாம்.

இன்ஜினைத் தொடும் முன் இன்னொரு சின்னச் சுற்று இருக்கிறது. பெட்ரோல் வாடை அடிக்கிறதா, வண்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா, இன்ஜின் ஆயிலும் கூலன்ட்டும் அளவில் இருக்கின்றனவா, பிரேக் மிதி கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பத்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நின்ற வண்டியின் டயர் தேய்ந்திருக்காது, ஆனால் ரப்பர் காய்ந்து போயிருக்கும். உதறல் தீர்ந்த சந்தோஷத்தில் நீங்கள் முதலில் செய்யப்போவது வேகமாக ஓட்டிப் பார்ப்பதுதான். அதற்காகத்தான் இதை முன்னால் சொல்கிறேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஒன்றரை வருடம் நின்ற வண்டி என்றால் எலி குடியிருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஃபில்டருக்குள் பஞ்சும் காகிதத் துண்டுமாகக் கூடு கட்டியிருக்கும். கூடு இருந்தால் ஒயரையும் ரப்பர் ஹோஸையும் கடித்திருக்கும். ஒரு டார்ச்சை வைத்து இன்ஜின் மேலே ஓடும் ஒயர்களை ஒரு முறை கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். பாதி கடிபட்ட இன்ஜெக்டர் ஒயர் நீங்கள் சொல்லும் அத்தனை அறிகுறியையும் தரும்.

சரி, இப்போது ஸ்கேனர், அதாவது வண்டி பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் கோளாறுக் குறியீட்டோடு, அது பதிவான நேரத்தில் இன்ஜின் என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில், எவ்வளவு சுமையில் இருந்தது என்பதும் சேமிக்கப்பட்டிருக்கும். பேட்டரியைக் கழற்றினால் அது போய்விடலாம். முதலில் படித்து எழுதி வைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள்.

பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் கடைசி இலக்கம்தான் மிஸ் ஆகும் சிலிண்டர். பி0300 மட்டும் வந்தால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மாறி மாறி மிஸ் ஆகிறது. அப்போது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும்: காற்று எங்கோ கசிந்து உள்ளே போவது, பெட்ரோல் பிரஷர் குறைவு, கெட்டுப்போன பெட்ரோல், நழுவிய டைமிங் (வால்வுகள் பிஸ்டனோடு ஒத்துத் திறந்து மூடும் நேரம்). பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று பொருள். அதை ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் அந்தக் குறியீடே வந்திருக்கும்.

உங்கள் அறிகுறிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது மேட்டில் வரும் திணறல். அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று போய் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், உள்ளுக்குள் விரிசல் விட்ட காயிலும் சமதரையில் சமாளித்துவிடும், மேட்டில் கைவிடும். ஆகவே என் முதல் சந்தேகம் பிளக், காயில் பக்கம்தான். இன்ஜெக்டர் அதற்கு அப்புறம்.

பிளக்கைக் கழற்றும் வேலையை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு செய்யுங்கள். பிளக் மாட்டியிருக்கும் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை உரிந்து வர வாய்ப்பு உண்டு. பிளக் குழியைச் சுற்றியிருக்கும் மண்ணைக் காற்றடித்து வெளியே தள்ளிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். ஒரு அட்டையில் 1, 2, 3, 4 என்று எழுதி, கழற்றிய பிளக்கை அதனதன் எண்ணுக்கு நேராக வையுங்கள். நான்கையும் மொத்தமாக ஒரு டப்பாவில் போட்டுவிட்டால் பாதித் தகவல் அங்கேயே தொலைந்தது.

இப்போது வெளிச்சத்தில் பாருங்கள். முனையில் வெளிர் பழுப்போ சாம்பல் நிறமோ இருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக எரிகிறது. கரி மாதிரி உலர்ந்த கறுப்பு படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். பளபளவென்று ஈரக் கறுப்பாக, தொட்டால் வழுக்கினால் ஆயில் உள்ளே வருகிறது. வெள்ளை வெளேரென்று கொப்பளித்த மாதிரி இருந்தால் பெட்ரோல் குறைவால் அதிகச் சூடு. மூன்று பிளக் அழுக்காகவும் ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமாகவும் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் கசிந்து ஆவியாகி முனையைக் கழுவுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். காலையில் முதல் ஒரு நிமிடம் மட்டும் உதறல், வெள்ளைப் புகை, கூலன்ட் மெல்லக் குறைவது மூன்றும் சேர்ந்து வந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட்தான் முதல் சந்தேகம். உங்கள் காலை உதறலுக்கு அப்படி ஒரு காரணம் இருக்கக் கூடும் என்பதால், கூலன்ட் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் கவனியுங்கள்.

பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடினால், பொறி முனைக்குப் போகாமல் அந்த வழியாகவே வெளியே பாய்ந்திருக்கிறது. அப்படியானால் மேலே மாட்டும் ரப்பர் பூட்டின் உட்புறத்திலும் அதே கோட்டின் ஜோடி இருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றினால் சில நாளில் புதுப் பிளக்கிலும் அதே கோடு விழும்.

பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் அது பழைய வண்டிகளில் ரொம்பச் சாதாரணமான விஷயம். வால்வு கவர் கேஸ்கெட்டும் குழியைச் சுற்றிய சீலும் இறுகிப்போய் ஆயில் வழிகிறது. காயிலின் ரப்பர் பூட் அந்த ஆயிலில் ஊறிக் கெட்டுப்போகும். கேஸ்கெட் மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் இதைப் பார்த்துவிட்டு, ஆயில் மேலே ஏறிவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. குழியில் ஆயில் இருப்பது வேறு, பிளக்கின் முனையில் ஆயில் இருப்பது வேறு. எது என்று நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இடமாற்றச் சோதனை. இது எனக்குப் பிடித்த சோதனை, ஏனென்றால் செலவே இல்லை. உதாரணத்துக்கு பி0303 வந்திருக்கிறது, ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது சிலிண்டரின் காயிலை ஒன்றாவதற்கு மாற்றுங்கள். மூன்றாவதின் பிளக்கை நான்காவதற்கு மாற்றுங்கள். ஒன்றாவதின் காயிலும் நான்காவதின் பிளக்கும் மூன்றாவதற்கு வரும். குறியீட்டை அழித்துவிட்டு, திணறல் வரும்வரை மட்டும் அதே மேட்டில் சிறிது தூரம் ஓட்டுங்கள். கோளாறு ஒன்றாவது சிலிண்டருக்குப் போனால் காயில். நான்காவதற்குப் போனால் பிளக். மூன்றிலேயே நின்றால் இரண்டும் இல்லை. இன்ஜெக்டர், அதன் ஒயர், அந்த இடத்தில் காற்றுக் கசிவு, இல்லாவிட்டால் கம்ப்ரஷன். மூன்று கேள்விக்கு ஒரே ஓட்டத்தில் பதில். இதைப் பழைய பிளக்கோடு செய்யுங்கள். விடை தெரிந்த பிறகு நான்கு பிளக்கையும் புதிதாக மாற்றிவிடலாம், எப்படியும் அதற்கு வயதாகிவிட்டது.

உங்கள் வண்டியில் ஒரே காயில் பேக்கிலிருந்து ஒயர்கள் போகும் அமைப்பு என்றால், இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு ஒயர்கள் மேல் மிக லேசாகத் தண்ணீரைத் தூறல் போல அடியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும், உதறலும் கூடும். கையால் தொடாதீர்கள். அந்த வோல்டேஜ் ஆளைத் தூக்கிப்போடும்.

காற்றுக் கசிவைப் பிடிப்பதற்கு ஸ்கேனரில் ஃபியூல் டிரிம் என்று ஓர் எண் வரும். இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு, தான் கணக்கிட்ட பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். பத்து சதவீதத்துக்குள் முன்பின் இருந்தால் கவலையில்லை. உள்ளே போகும் காற்றை மீட்டர் வைத்து அளக்கும் வண்டிகளில் இது பெரிய உதவி. ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் பிளஸ் 4-க்கு இறங்கினால், அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே போகிறது. ஐடிலிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் கசிவு பெரிதாகத் தெரிகிறது. வேகம் கூடினால் அது பொருட்டில்லாமல் போகிறது. இதற்கு நேர்மாறாக, மிதிக்க மிதிக்க பிளஸ் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், அல்லது காற்று மீட்டரில் அழுக்கு. எண் மைனஸில் நின்றால் பெட்ரோல் அதிகம். ஒழுகும் இன்ஜெக்டரோ, இன்ஜின் சூடான பிறகும் குளிராகவே இருக்கிறது என்று பொய் சொல்லும் டெம்பரேச்சர் சென்சாரோ இருக்கலாம்.

கசிவு இருக்கும் இடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு காய்ந்த ரப்பர்தான். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி எரிக்க அனுப்பும் பிசிவி வால்வின் ஹோஸ் கையால் அழுத்தினாலே பிஸ்கட் மாதிரி உடையும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் ஒரு கணம் நெரித்துப் பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது. உதறல் சட்டென்று அடங்கினால் பூஸ்டரோ அந்த ஹோஸோ ஓட்டை. அப்படியானால் அது பிரேக் சமாச்சாரம், தள்ளிப்போடக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவு தேடுவது பரவலான பழக்கம்தான். ஆனால் சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். பட்டறையில் புகை விட்டுப் பார்க்கும் கருவி இருந்தால் அதையே செய்யச் சொல்லுங்கள்.

திராட்டில் பாடியில் கரி படிந்திருந்தாலும் ஐடிலிங் தள்ளாடும். சுத்தம் செய்யலாம். ஒயரில் இயங்கும் திராட்டிலாக இருந்தால் சாவியைப் போட்ட நிலையில் விரலால் தள்ளாதீர்கள். சுத்தம் செய்தபின் சில நிமிடம் ஐடிலிங் ஏறி இறங்குவது சகஜம். சில வண்டிகளில் ஸ்கேனரால் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

டேங்கில் இருப்பது அந்த ஒன்றரை வருடப் பெட்ரோல்தானா? மூடியைத் திறந்தால் பெயின்ட் வார்னிஷ் வாடை அடித்தால் முழுக்க வடித்துவிடுங்கள். கால் டேங்க் பழசோடு முக்கால் டேங்க் புதுசு கலந்து சமாளிக்கலாம் என்பது சில மாதப் பெட்ரோலுக்குச் சரி, இதற்குச் சரியில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் அளவுக்கு மேல் போனால் அது எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் இழுப்பது அதைத்தான். பெட்ரோலை வடித்த கையோடு ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு விரல் இன்ஜெக்டர் பக்கமே நீண்டால், அப்போதும் உடனே புதிது வாங்க வேண்டாம். ஒரு நீள ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் டிக் டிக் என்று சீராகக் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால் முதலில் அதன் ஒயரைப் பாருங்கள். ஒயர் சரி என்றால் மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். பரவலாக இருக்கும் வகையில் 11 முதல் 16 ஓம் வரை வரும், நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். டிக் சத்தம் வந்தும் சிலிண்டர் மிஸ் ஆனால் கழற்றிக் கருவியில் வைத்துக் கழுவி, நான்கும் ஒரே அளவு பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கழுவியதே போதும். திரும்ப மாட்டும்போது ரப்பர் ஓ-ரிங்குகள் மட்டும் கட்டாயம் புதிது.

இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னவருக்கு ஒரே கேள்வி போதும்: கம்ப்ரஷன் எவ்வளவு? அளக்கும் முறை கடினமில்லை. இன்ஜின் சூடாக ஓடி, பிளக்கைக் கழற்றும் அளவுக்கு ஆறியதும் நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸையும் காயில் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசிச் சிலிண்டர் பாவம், குறைவாகக் காட்டும். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களில் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும். உங்கள் வண்டிக்குரிய எண் மேனுவலில் இருக்கும். நான்கும் நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். மிகக் குறைந்தது மிக அதிகத்தில் முக்கால் பங்குக்கும் கீழே போனால் பிரச்சினை.

குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி குறைந்தால் இன்ஜினைப் பிரிக்கும் முன் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். வால்வில் சந்தேகம் வந்தால் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் இருப்பது) முதலில் அளக்கச் சொல்லுங்கள். இடைவெளி இல்லாமல் போன வால்வு முழுக்க மூடாது. அட்ஜஸ்ட் செய்ய முடிகிற இன்ஜின்களில் அதைச் சரிசெய்தாலே கம்ப்ரஷன் திரும்பிவிடும், வால்வு இன்னும் எரிந்து போயிருக்காவிட்டால். வெகுநாள் நின்ற வண்டிக்கு இன்னொரு சலுகையும் தரலாம். ரிங் ஒட்டிக்கொண்டும், வால்வு இருக்கையில் துரு பிடித்தும் இருக்கலாம். புது ஆயிலோடு சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டிவிட்டு இரண்டாவது முறை அளந்தபின் முடிவெடுங்கள். ஒரு சிலிண்டர் சுத்தமாகச் செத்திருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

சிக்னல் குலுக்கலுக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். ஆர்பிஎம் முள் அசையாமல் நின்று, சைலன்சர் வாயில் கையைத் தள்ளிப் பிடித்தால் புகை சீராக வந்து, உள்ளே மட்டும் அதிர்ந்தால் அது இன்ஜின் மவுண்டிங். 16 வருட ரப்பர் அமுங்கிப்போயிருக்கும். மிஸ்ஸிங் இருந்தால் நடுநடுவே புகை ஒரு துடிப்பு தவறும், கைக்கே தெரியும். உங்களுக்கு இரண்டுமே இருக்கலாம் என்பது என் கணிப்பு.

இனி விட்டுப்போன சர்வீஸ். ரசீது இல்லாத சர்வீஸ் நடக்காத சர்வீஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா ஒழுங்கானவர் என்பது இதில் செல்லாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் டைமிங் பெல்ட். உங்கள் இன்ஜினில் பெல்ட்டா செயினா என்று மேனுவலில் பாருங்கள். பெல்ட் என்றால் ஆயுள் கிலோமீட்டரில் மட்டும் இல்லை, வருடத்திலும் கணக்கு. ஓடாமல் நின்றாலும் வயதாகும். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் நேராக வால்வில் மோதும். அன்றைக்கு அந்த இரண்டாவது மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும். டென்ஷனர், ஐட்லர், பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே வேலையாக மாற்றுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: கம்ப்ரஷன் பார்த்த பிறகு இதைச் செய்யுங்கள். செத்த இன்ஜினுக்குப் புது பெல்ட் எதற்கு? செயின் என்றால் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கலகல சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்ஜின் ஆயிலை இரண்டு தடவை மாற்றுங்கள். மிஸ் ஆன சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை அடிக்கலாம், அளவும் கோட்டுக்கு மேலே நிற்கலாம். அந்த ஆயில் நீர்த்துப்போனது. அதனால் இப்போது ஒரு தடவை, மிஸ்ஸிங் தீர்ந்து 1,000 கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரோடு இன்னொரு தடவை. இன்ஜின் ஃப்ளஷ் என்று ஊற்றும் திரவத்தைப் பழைய இன்ஜினில் நான் பரிந்துரைப்பதில்லை. பல வருடக் கசடு ஒரேயடியாகக் கிளம்பி ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் வேறு வம்பு. சீக்கிரம் சீக்கிரம் ஆயில் மாற்றுவதே மெதுவான, பத்திரமான சுத்தம். கெட்டி ஆயில் போட்டால் சத்தம் குறையும் என்பார்கள். மேனுவலில் இருக்கும் கிரேடை விட்டு நகராதீர்கள்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டிஓடி 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் மிதி பஞ்சு மாதிரி இறங்குவது அதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியதை நீங்கள் இப்போதே மாற்றுங்கள். அந்த நேரத்தில் கேலிப்பர் பின்கள் நகர்கின்றனவா, ஹேண்ட் பிரேக் விடுகிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். கூலன்ட்டை நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். நிறத்துக்கும் வகைக்கும் உறுதியான தொடர்பு இல்லை. முழுக்க வடித்து, மேனுவல் சொல்லும் வகையை ஊற்றி, ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) எடுக்க வேண்டும். கியர் ஆயில், ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர் பெல்ட் எல்லாம் வழக்கமான வேலைகள், ஒரே நாளில் முடியும். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட்டும் காட்ட வேண்டும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் முனையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். பச்சை பூத்த எர்த் காயிலையும் சென்சாரையும் குழப்பும்.

பட்டறைக்குப் போகும்போது இன்ஜெக்டரை மாற்றுங்கள் என்று சொல்லாதீர்கள். மேட்டில், மூன்றாவது கியரில், இந்த ஆர்பிஎம்மில் திணறுகிறது என்று அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த மேட்டில் ஒரு முறை மெதுவாக ஏற்றிக் காட்டினால் இன்னும் நல்லது. மாற்றிய உதிரிபாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

தள்ளிவிடலாமா என்று கேட்டீர்கள். அதை இன்ஜின் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் அடித்தளத்தையும், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தகடு உள்ளே போகும் அளவுக்குத் துரு தின்றிருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். அடித்தளம் கெட்டியாக இருந்து, கம்ப்ரஷன் நான்கும் நெருக்கமாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிளக், காயில், நாலைந்து ரப்பர் ஹோஸ், ஒரு பெல்ட் என்ற அளவில் முடிந்துவிடும். அடித்தளம் நன்றாக இருந்து கம்ப்ரஷன் மட்டும் மோசம் என்றால், இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவையும் அதே ரக வண்டியின் நல்ல செகண்ட் ஹேண்ட் இன்ஜின் விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பதாக முடிவெடுத்தால் அளந்த எண்களை வாங்குபவரிடம் காட்டி, அதற்கேற்ற விலை பேசுங்கள்.